ஒளிரும் சாயமும் ஒட்டுத் தசையும்

(சங்கத்தின் வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



இம்மேடையில் சமயச் சொற்பொழிவுகளைக் கேட்டுப் பழகிய உங்களுக்குச் சத்திர வைத்தியத்தைப் பற்றிப் பேசும்படி செயலாளர் என்னைப் பணித்துவிட்டார். எனக்குத் தெரிந்த தொழில் அதுவொன்றே. ஆதலின் மறுக்கவும் இயலவில்லை. கூட்டத்துக்கு முன் தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது ஒரு பெரியவர் என்னிடம், "இரத்தம் எல்லாம் காட்டிச் சனத்தைப் பயப்படுத்தாதையும், தம்பி" என்றார். படம் ஒன்றும் நான் கொண்டுவரவில்லை. எனினும் இரத்தத்தைப் பற்றிப் பேசாமல் இவ்விஷயத்தைப் பேச வழியில்லை. நான் சொல்லப்போவது முழுவதும் ஒரே கேள்வியைப் பற்றியது. உடம்பின் ஓரிடத்திலிருந்து எடுத்து இன்னோரிடத்தில் வைத்துத் தைத்த தோலிலும் தசையிலும் இரத்தம் ஓடுகின்றதா, இல்லையா? நோயாளி மேசையிற் கிடக்கும்போதே இதற்கு விடை காணவேண்டும். மூன்று நாள் கழித்துக் கிடைக்கும் விடையாற் பயன் குறைவு.

நான் கனிஷ்ட வைத்தியனாக இருந்த காலத்தில் நடந்த ஒரு சம்பவத்தை முதலிற் சொல்லுகின்றேன். அறுபது வயதை அண்டிய கமக்காரர் ஒருவர் கன்னத்தின் உட்புறத்திற் புற்றுநோயுடன் வந்தார். நாற்பது வருடமாக வெற்றிலையையும் புகையிலையையும் அந்தக் கன்னத்திலேயே அடக்கிப் பழகியவர். இலங்கையில் ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோயே என்பதை இங்கிருக்கும் பெரியோர் சிலர் விரும்பிக் கேட்கமாட்டார்கள். ஆயினும் உண்மை அது. எங்கள் நிபுணர் நோயுள்ள பாகத்தை முற்றாக அகற்றினார். கன்னத்தில் ஒரு கோப்பை அளவு குழி விழுந்தது. அதை மூடுவதற்கு மார்பிலிருந்து தோலும் தசையும் சேர்ந்த ஒரு மடலை, அதற்கு இரத்தம் கொண்டுசெல்லும் காம்பு அறுபடாதபடி பிரித்தெடுத்து, கழுத்துத் தோலின் அடியால் மேலே கொண்டுவந்து தைத்தார். தைத்து முடிந்ததும் மடலின் நுனியை விரலால் அழுத்தினார். விட்டார். மீண்டும் அழுத்தினார். "நன்றாக இருக்கின்றது" என்றார். நானும் பார்த்தேன், எனக்கும் நன்றாகவே தெரிந்தது.

மூன்றாம் நாட் காலை நுனி கருநீலமாகிவிட்டது. ஐந்தாம் நாள் அது செத்த தோல் என்பதிற் சந்தேகமில்லை. தையல் விட்டுப்போய் எச்சில் கழுத்துப் பக்கமாகக் கசியத் தொடங்கியது. சத்திர சிகிச்சைக்குப் பின் ஆறு வாரத்துக்குள் அவருக்குக் கதிர்ச் சிகிச்சை ஆரம்பித்திருக்கவேண்டும். புண் ஆறாமையால் அது தள்ளித் தள்ளிப் போயிற்று. அவர் ஒருநாளும் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. காலையில் வார்ட்டுக்குப் போனால், "இண்டைக்கும் கசியுது, தம்பி" என்று மன்னிப்புக் கேட்பவர்போலச் சொல்லுவார். அந்தக் குரல் இன்றும் என் காதை விட்டுப் போகவில்லை. நிபுணரைக் குறைகூற எனக்கு மனமில்லை. அவருடைய விரலும் கண்ணும் எங்கள் எல்லாருடைய விரலையும் கண்ணையும்விடத் தேர்ந்தவை. அவற்றாலே காண முடியாத ஒன்று அங்கே இருந்தது, அவ்வளவுதான்.

சிறிது பின்னோக்கிப் போவோம். இந்து வாலிபர்கள் கூடிய சபையிற் சுசுருதரின் பெயரைச் சொல்லாது இவ்விஷயத்தைக் கடந்து செல்வது பொருந்தாது. சுமார் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் உருவான சுசுருத சங்கிதையிலே, அறுபட்ட மூக்கை மீண்டும் அமைக்கும் முறை கூறப்பட்டிருக்கின்றது. மூக்கின் அளவுக்கு ஒரு மர இலையை வெட்டி எடுத்து, அந்த அளவுக்குக் கன்னத்திலிருந்து தோலைப் பெயர்த்து, மூக்கிருந்த இடத்தைக் கீறிப் புண்ணாக்கி, அதன்மேற் பொருத்தித் தைத்து, சுவாசத்துக்காக இரண்டு குழாய்களை வைத்து, அதிமதுரம் முதலியவற்றின் பொடியைத் தூவி, பஞ்சால் மூடி எள்ளெண்ணெய் விடவேண்டும் என்பது விதி.

இந்த வித்தை ஏட்டோடு நின்றுவிடவில்லை. மைசூர் யுத்தத்தின்போது ஆங்கிலப் படைக்கு மாட்டுவண்டி ஓட்டிய கவாஸ்ஜி என்னும் மராட்டியர் திப்பு சுல்தானின் ஆட்களிடம் பிடிபட்டு மூக்கையும் ஒரு கையையும் இழந்தார். பூனாவுக்கு அண்மையில் இருந்த நாட்டு வைத்தியர் ஒருவர், நெற்றித் தோலைத் திருப்பி அவருக்கு மூக்கு அமைத்துக் கொடுத்தார். 1794ஆம் ஆண்டு ஒக்டோபரில் இலண்டன் மாநகரின் சஞ்சிகையொன்று இதைப் படத்துடன் வெளியிட்டது. மெழுகால் மூக்கின் வடிவம் செய்து, அதைத் தட்டையாக்கி நெற்றியில் வைத்து, சுற்றிக் கோடு கீறி, அந்த அளவுக்குத் தோலைப் பிரித்தெடுத்தார்கள். கண்களுக்கிடையே மட்டும் ஒரு சிறு துண்டை அறுக்காமல் விட்டார்கள். ஏறக்குறைய 25 நாள் கழிந்து, புதிய இடத்தில் தோல் ஒட்டிக்கொண்ட பின்னரே அந்தத் துண்டை அறுத்தார்கள். 1814இல் இலண்டனில் ஜோசப் கார்ப்பியூ என்னும் சத்திர வைத்தியர் இம்முறையைக் கையாண்டு வெற்றி கண்டார். இன்றும் நெற்றி மடலால் மூக்கு அமைக்கின்றோம்.

நம் முன்னோர் எல்லாவற்றையும் அறிந்திருந்தனர் என்று மார்தட்டுவதற்காக நான் இதைச் சொல்லவில்லை. இரத்தம் இதயத்திலிருந்து புறப்பட்டு மீண்டும் இதயத்துக்கே சுற்றி வருகின்றது என்பதை 1628இல் வில்லியம் ஹார்வி நிறுவும்வரை அது திட்டவட்டமாகத் தெளிந்திருக்கவில்லை. பூனாவின் வைத்தியர் ஹார்வியைப் படித்திருக்கமாட்டார். ஆனால் அந்தச் சிறு துண்டை அறுத்தால் மூக்கு செத்துவிடும் என்பது அவருடைய கைக்குத் தெரிந்திருந்தது. காம்பறுந்த பூ வாடும் என்பதைத் தோட்டக்காரனுக்குத் தாவர நூல் கற்பிக்கவேண்டுவதில்லை அன்றோ?

காம்பை அறுத்தும் தசையைக் காப்பாற்றலாம் என்ற நிலை நம் காலத்தில்தான் வந்தது. 1960இல் அமெரிக்காவில் நுணுக்குக் காட்டியின் கீழ் மிகச் சிறிய இரத்தக் குழாய்களைத் தைத்துக் காட்டினார்கள். 1965இல் யப்பானின் நாரா நகரில் முற்றாக அறுந்த பெருவிரல் ஒன்றை மீண்டும் பொருத்தினார்கள். 1973இல் மெல்பேணில் டானியல், டெயிலர் என்னும் இருவர், வயிற்றின் கீழ்ப்புறத்துத் தோலை அதன் நாடி நாளங்களோடு அறுத்தெடுத்து, காலிலே உள்ள குழாய்களோடு தைத்து வாழவைத்தார்கள். இப்பொழுது தாடை எலும்பு போனால் காலின் கணையெலும்பிலிருந்தும், மார்பகம் போனால் அடிவயிற்றின் கொழுப்பிலிருந்தும் புதிதாக அமைக்கின்றோம். தைக்கப்படும் குழாய்களின் விட்டம் 1 முதல் 3 மில்லிமீற்றர் வரையில்தான். தைக்கும் நூல் தலைமயிரிலும் மெல்லியது.

அத்தகைய சத்திர சிகிச்சை எட்டு மணித்தியாலம், பத்து மணித்தியாலம் நடக்கும். முடிவில் அந்த மடல் உயிரோடிருக்கின்றதா என்பதை எப்படி அறிவது? நிறத்தைப் பார்ப்போம். விரலால் அழுத்திவிட்டு, வெளுத்த இடம் எத்தனை விநாடியிற் பழைய நிறத்துக்குத் திரும்புகின்றது என்று எண்ணுவோம். புறங்கையால் தொட்டுச் சூட்டைப் பார்ப்போம். ஊசியாற் குத்தி, வரும் துளி சிவப்பா கறுப்பா என்று நோக்குவோம். இவையெல்லாம் நல்ல சோதனைகள். இன்றும் இவற்றைக் கைவிடவில்லை. ஆனால் காம்புக்கு அருகே நிறைய இரத்தமும் நுனியில் அரைகுறை இரத்தமுமாக இருக்கும் மடலில், எந்த இடத்தோடு உயிர் நிற்கின்றது என்னும் எல்லைக்கோட்டை இவற்றாற் கீற முடியாது.

இங்கே நம்மவரைச் சார்ந்த ஒரு விஷயம் உண்டு. நிறம் மாறுவதைப் பற்றிப் பாடப் புத்தகங்கள் சொல்வதெல்லாம் பெரும்பாலும் வெள்ளைத் தோலைப் பார்த்து எழுதியவை. இளஞ்சிவப்பு வெளிறுவதும் நீலமாவதும் அங்கே தெளிவாகத் தெரியும். நம் தோலின் கருமையிலே அம்மாற்றம் மறைந்துபோகும். விரலில் மாட்டி ஒட்சிசனை அளக்கும் கருவியும் கருந்தோல் உள்ளவர்களிடத்திற் சில வேளைகளில் உள்ளதைவிடக் கூட்டிக் காட்டுகின்றது என்று 2020இல் அமெரிக்காவிலிருந்து ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. அந்தக் கமக்காரரின் மடல் எங்கள் கண்ணை ஏமாற்றியதற்கு அவருடைய நிறமும் ஒரு காரணமாயிருக்கலாம் என்று எனக்கு நெடுநாளாக ஓர் எண்ணம்.

இனிச் சாயத்துக்கு வருகின்றேன். மலேரியாக் காய்ச்சலுக்குக் கொயினா விழுங்கிய பெரியோர் இங்கே இருப்பீர்கள். கொயினாக் கரைசலை ஒரு கண்ணாடிக் குவளையில் விட்டு வெயிலிற் பிடித்தால், நிறமற்ற அந்த நீரின் மேற்பரப்பில் ஒரு நீல ஒளி தோன்றும். 1852இல் ஜோர்ஜ் ஸ்ரோக்ஸ் இதை ஆராய்ந்து, கண்ணுக்குத் தெரியாத ஊதாக் கடந்த கதிரை அக்கரைசல் விழுங்கி, கண்ணுக்குத் தெரியும் நீல ஒளியாக வெளிவிடுகின்றது என்று விளக்கினார். ஒருவகை ஒளியை ஏற்று இன்னொருவகை ஒளியாகத் திருப்பிக் கொடுக்கும் இந்த இயல்புக்கு அவர் சூட்டிய பெயரையே நம் வீட்டுக் குழாய் விளக்கும் தாங்கி நிற்கின்றது.

1871இல் ஜேர்மனியில் அடொல்ப் பொன் பேயர் புளோரசீன் என்ற சாயத்தைச் செய்தார். அதை நாளத்தில் ஏற்றிவிட்டு, இருட்டறையில் ஊதாக் கடந்த ஒளியைப் பாய்ச்சினால், இரத்தம் ஓடும் தோல் பச்சை கலந்த மஞ்சளாக ஒளிரும். 1942இல் லாங்கே, பொய்ட் என்பவர்கள் இதனால் இரத்தோட்டத்தைச் சோதிக்கலாம் என்று எழுதினார்கள். நல்ல உபாயந்தான், ஆனாற் குறைகள் உண்டு. சாயம் குழாய்களை விட்டு வெளியே கசிந்து தசையில் மணிக்கணக்காகத் தங்கும். நோயாளியின் தோலும் சிறுநீரும் மஞ்சளாகும். அரை மணித்தியாலத்துக்குப் பின் இன்னொரு முறை பார்ப்போம் என்றால் முடியாது. கருந்தோலில் இந்த ஒளியும் மங்கும்.

இப்பொழுது நாங்கள் பாவிக்கும் சாயம் இன்டோசயனின் கிறீன். படப்பிடிப்புத் தொழிலுக்காகச் சாயங்களை ஆராய்ந்துகொண்டிருந்த கொடக் ஆய்வுகூடத்திற் பிறந்தது இது. அமெரிக்காவின் மெயோ கிளினிக்கில் இருந்த இர்வின் பொக்ஸ் என்பவர் இதயம் எவ்வளவு இரத்தத்தை வெளியேற்றுகின்றது என்பதை அளக்க ஒரு சாயத்தைத் தேடினார். சுத்த இரத்தமாயினும் அசுத்த இரத்தமாயினும் ஒரே அளவாக ஒளியை விழுங்கும் ஓரிடம் ஒளிமாலையில் உண்டு. சுமார் 800 நனோமீற்றர். நனோமீற்றர் என்பது மில்லிமீற்றரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. அந்த இடத்தில் ஒளியை விழுங்கும் சாயமாக இது வாய்த்தது. 1957இல் மனிதரிற் சோதித்தார்கள். 1959இல் அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது. இதயத்துக்கும் ஈரலுக்கும் கண்ணுக்கும் என்று நெடுங்காலம் பயன்பட்ட பின், ஏறக்குறைய 2000ஆம் ஆண்டுக்குப் பிறகுதான் ஒட்டுத் தசைகளைச் சோதிக்க இது பரவலாக வந்தது. நாற்பது வருடமாக அலுமாரியில் இருந்த மருந்துக்குப் புதிய வேலை! உரிய கமரா வரும்வரை அது காத்திருக்க வேண்டியதாயிற்று.

இச்சாயம் இரத்தத்தின் புரதங்களோடு பற்றிக்கொள்ளும்; ஆகையாற் குழாய்களை விட்டு இலேசில் வெளியேறாது. ஈரல் அதை இழுத்துப் பித்தத்தோடு வெளியேற்றிவிடும். மூன்று நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை இரத்தத்திலுள்ள அளவு பாதியாகக் குறையும். எனவே சிறிது பொறுத்து மறுபடியும் சோதிக்கலாம். அது வெளிவிடும் ஒளி சுமார் 830 நனோமீற்றர். சிவப்புக்கும் அப்பாற்பட்ட அந்த ஒளி நம் கண்ணுக்குத் தெரியாது, தனிக் கமராவுக்கே தெரியும். தோலின் கருமைக்குக் காரணமான மெலனின் இந்த ஒளியை அவ்வளவாக விழுங்குவதில்லை. ஆதலால் வெள்ளையர் தோலாயினும் நம் தோலாயினும் கமராவுக்குப் பெரிய பேதமில்லை. எனக்கு இச்சாயத்தின்மேற் பிடித்துப்போனது இந்த ஒரு குணத்தால்.

இங்கிலாந்தில் ஒரு வைத்தியசாலையிற் பயிற்சி பெற்றபோது நான் முதன்முதலாக இதைக் கண்டேன். மார்பகப் புற்றுநோய் கண்ட ஓர் அம்மையாருக்கு மார்பகத்தை அகற்றி, அடிவயிற்றின் தோலையும் கொழுப்பையும் கொண்டு புதிதாக அமைத்துக்கொண்டிருந்தார்கள். வயிற்றின் ஒரு பக்கத்திலுள்ள ஒரு சிறு நாடியை நம்பியே அந்த மடல் முழுவதும் வாழவேண்டும். நாடியிருக்கும் பக்கம் செழிப்பாயிருக்கும். நடுக்கோட்டுக்கு அப்பாலுள்ள தொலைவுப் பகுதி எப்பொழுதும் சந்தேகத்துக்குரியது. வாய்க்காலின் கடைமடையைப் போல.

குப்பியில் 25 மில்லிகிராம் பச்சைத் தூள். அதை நீரிற் கரைத்து, சில மில்லிகிராம் மட்டும் மயக்க மருந்து வைத்தியர் நாளத்தில் ஏற்றினார். மேசைக்கு மேலிருந்த பெரிய விளக்குகளை அணைத்தார்கள். அவற்றின் ஒளி கமராவைக் குழப்பும். பத்துப் பேர் நின்ற அறையிற் பேச்சு நின்றுவிட்டது. திரை கறுப்பாகவே இருந்தது. அரை நிமிடம் சென்றிருக்கும். காம்பு இருந்த இடத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி. அது கிளைவிட்டது, கிளைகள் மேலும் கிளைத்தன, பிறகு மடலின் பாதி முழுவதும் நிலவொளி படர்ந்ததுபோல வெளுத்தது. நடுக்கோட்டைத் தாண்டி மெல்ல மெல்லச் சென்று, ஓரத்துக்கு இரண்டு விரற்கடை இருக்கையில் நின்றது. அந்த ஓரம் கறுப்பாகவே கிடந்தது. விளக்கைப் போட்டதும் நான் எட்டிப் பார்த்தேன். ஓரத்துத் தோலுக்கும் நடுத் தோலுக்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. விரலால் அழுத்தினேன். "நன்றாக இருக்கின்றது" என்றுதான் நானும் சொல்லியிருப்பேன்.

இவ்வளவு சொன்னதும், இனிமேற் கருவி சொல்வதை வைத்தியர் கேட்டு நடந்தாற் போதுமே என்று இளைஞர்கள் நினைப்பீர்கள். விஷயம் அப்படியன்று. திரை காட்டுவது அந்த ஒரு நிமிடத்தின் இரத்தோட்டத்தை மட்டுமே. இரத்தப் போக்கைக் குறைக்க அந்த இடத்தில் அட்ரினலின் ஊசி போட்டிருந்தாற் குழாய்கள் சுருங்கி, நல்ல தோலும் கறுப்பாகத் தெரியும். நோயாளியின் இரத்த அழுத்தம் தாழ்ந்திருந்தாலும், உடல் குளிர்ந்திருந்தாலும் அப்படியே. புகைபிடிப்பவர்களின் குழாய்களும் சுருங்கியே இருக்கும். சத்திர சிகிச்சைக்குச் சில வாரங்களுக்கு முன்பே சிகரெட்டை விடும்படி நாங்கள் வற்புறுத்துவது நல்லொழுக்கப் பிரசாரத்துக்காக அன்று. கமராவின் பார்வையும் சில மில்லிமீற்றர் ஆழத்துக்குமேற் செல்லாது. அடியிலுள்ள தசையின் நிலையை அது சொல்லாது. கறுப்பெல்லாம் சாவு என்று எடுத்துக்கொண்டு வெட்டத் தொடங்கினால், பிழைக்கக்கூடிய தோலையும் வெட்டி எறிந்துவிடுவோம். தோலை வெளித்த அளவோடு ஒப்பிட்டு நூற்றுக்கு இத்தனை என்று இலக்கம் காட்டும் கருவிகளும் உண்டு. இலக்கம் வந்துவிட்டால் மனம் அதிலே சாய்ந்துவிடுகின்றது. எனக்கு அதில் ஒரு பயம்.

இன்னுமொன்று. இரத்தம் உள்ளே வருவதை இச்சாயம் நன்றாகக் காட்டும். வந்த இரத்தம் வெளியேறும் வழி அடைபட்டிருந்தால், மடல் வீங்கி நீலம்பாரித்துச் சாகும். ஒளிர்ந்த மடல் நேரம் சென்றும் மங்காமல் நின்றால் அதை ஐயுறலாம். ஆனால் நாளத்தின் அடைப்புப் பெரும்பாலும் மேசையில் அன்று, மறுநாள் வார்ட்டிலேதான் நேரும். அப்பொழுது மணிக்கு மணி வந்து மடலைத் தொட்டுப் பார்க்கும் தாதியின் விரலே துணை. அடைப்பை நீக்க முடியாத இடத்தில் அட்டை விடுகின்றோம். சிரிக்கவேண்டாம், சுசுருதரும் சித்த வைத்தியரும் விட்ட அதே அட்டைதான். 2004இல் அமெரிக்க அரசும் அதை ஒரு வைத்திய சாதனமாக அங்கீகரித்துவிட்டது.

சாயத்தில் அயடின் சேர்ந்திருப்பதால், அது ஒவ்வாதவர்களுக்குக் கவனம் வேண்டும். மற்றப்படி ஆபத்து மிக அரிது. சாயத்தின் விலை தாங்கக்கூடியது. கமராவின் விலைதான் மலை. எங்கள் போன்ற நாடுகளில், கட்டிலுக்கும் கதிர் இயந்திரத்துக்கும் காத்திருக்கும் நோயாளர் வரிசையைப் பார்த்துவிட்டு இதை முதலில் வாங்குங்கள் என்று கேட்க எனக்கு நா எழாது. வாங்கக்கூடிய இடத்திலும், சந்தேகமுள்ள மடலுக்கே அதைப் பாவிக்கவேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

அந்த அம்மையாரின் கதையை முடித்துவிடுகின்றேன். திரையைப் பார்த்தபின் நிபுணர் உடனே கத்தியை எடுக்கவில்லை. வெதுவெதுப்பான துணியால் மடலை மூடி, இரத்த அழுத்தத்தைச் சற்று உயர்த்தும்படி மயக்க மருந்து வைத்தியரைக் கேட்டு, இருபது நிமிடம் காத்திருந்தார். மறுபடியும் சாயம், மறுபடியும் இருள். முன்பு இரண்டு விரற்கடையாயிருந்த கறுப்பு ஒரு விரற்கடையாகச் சுருங்கியிருந்தது. அந்த ஒரு விரற்கடையை வெட்டி நீக்கிவிட்டு மிகுதியை வைத்துத் தைத்தார். புண் ஒழுங்காக ஆறிற்று. உரிய காலத்தில் அடுத்த சிகிச்சை தொடங்கிற்று.

வீடு செல்லும் நாளன்று, தமக்கு நடந்தவற்றையெல்லாம் விளக்கும்படி அம்மையார் என்னைக் கேட்டார். நான் திரையிற் கண்டதைச் சொன்னேன். அவர் சிறிது யோசித்துவிட்டு, வெட்டி எறிந்த அந்த ஓரம் உண்மையிலே சாகவிருந்ததுதானா, அல்லது விட்டிருந்தாற் பிழைத்திருக்குமா என்று வினவினார். எனக்குத் தெரியாது என்றேன். முதலில் இரண்டு விரற்கடையையும் வெட்டியிருந்தால் அதையும் நீங்கள் அறிந்திருக்கமாட்டீர்களே என்றார். ஆம் என்றேன். அவர் என் கையைத் தட்டிவிட்டு, பெட்டியை எடுத்துக்கொண்டு புறப்பட்டார்.

தலைவர் அவர்கள் கடிகாரத்தைப் பார்க்கின்றார். கேள்விகள் இருப்பின், அறிந்த அளவில் விடை கூறுவேன்.